எங்கள் வீட்டில் எத்தனை வாக்கு

டென்மார்க்கில் நகரசபைத் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நவம்பர் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை நடக்கும். தேதி மாறும், கிழமை மாறாது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடத்தின் வாசலில் வேட்பாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

வேட்பாளர் என்றே எழுதுகிறேன். அந்த இரண்டு மாதமும் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பத்து வயதில் தாயோடு இந்த நாட்டுக்கு வந்தவர். ஹோர்சன்ஸில் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளர். அந்த ஆண்டுதான் ஒரு கட்சியில் சேர்ந்து, எங்கள் நகரத்துக்கான அதன் பட்டியலில் கீழ்ப்பாதியில் இடம் பிடித்திருந்தார். இங்கே வாக்காளர் சீட்டில் கட்சிக்கும் புள்ளடி போட்டு வாக்களிக்கலாம், பட்டியலில் உள்ள ஓர் ஆளின் பெயருக்கும் போடலாம். பெயருக்கு விழுகிற புள்ளடி கூடினால் கீழே இருப்பவர் மேலே வந்துவிடுவார். அவருடைய கணக்கு அதில்தான் இருந்தது.

“அண்ணை, எங்கட சனத்தை ஒருக்கால் எண்ணித் தாங்கோ.”

“சனத்தை எண்ணுறதுக்குத்தான் அரசாங்கம் இருக்கே, தம்பி.”

“அரசாங்கம் எல்லாரையும் எண்ணும். எனக்குப் போடுற ஆக்களை எண்ணாது.”

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. இங்கே எங்கள் ஆட்களின் முதல் பொங்கல் எந்த விளையாட்டு மண்டபத்தில் நடந்தது, எந்தக் குடும்பம் எந்தக் குளிர்காலத்தில் வந்தது என்று குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. யாருக்காவது சந்தேகம் வந்தால் எனக்குத்தான் அழைப்பு வரும். மனைவி இதைப் பற்றிச் சொல்வது வேறு: “ஊர் உலகத்தின்ர பிறந்தநாள் எல்லாம் இவரிட்ட இருக்கு. என்ர பிறந்தநாளை மட்டும் பிள்ளைதான் ஞாபகப்படுத்த வேணும்.”

எண்ணத் தொடங்கினேன். வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒவ்வொரு பின்னேரமும் சில வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள்.

“எங்கட வீட்டில ஆறு அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கோ.”

இறைச்சித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னார்: “நாங்கள் நாலு பேர். மாமியையும் சேத்தால் அஞ்சு.”

“மாமி விபோர்க்கில மச்சானோடயெல்லோ இருக்கிறா?”

“அதுக்கென்ன, எலெக்சன் அண்டைக்குக் காலமை போய் ஏத்திக்கொண்டு வாறன். நீங்கள் அதை யோசிக்காதேங்கோ.”

இன்னொருவரின் மகன் கொப்பன்ஹேகனில் படிக்கிறான். “அவன் நான் சொன்னால் போடுவான்” என்றார் தகப்பன். அவன் எந்த ஊரில் போடுவான் என்பது பேச்சில் வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் வாக்கை வீடு வீடாகத்தான் சொல்வார்கள். கலியாணத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டால் சொல்வது போல. தொலைபேசியை எடுத்தவர் வீட்டுக்காரர், அவர் சொன்னால் வீடு சொன்னது. நானும் அப்படியே எழுதினேன். எங்கள் வீடு என்ற இடம் வந்ததும் தலையை நிமிர்த்தாமலே மூன்று என்று போட்டேன். நான், மனைவி, மகள்.

கூட்டிப் பார்த்தபோது வந்த தொகை எனக்கே கூடுதலாகத்தான் பட்டது. ஆனால் வேட்பாளரின் முகம் மலர்ந்துவிட்டது. அதே வாரம் உள்ளூர்ப் பத்திரிகை ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. நகரத்தின் இரண்டு அணிகளும் ஏறத்தாழச் சமம். இரண்டு தூண்களை ஒரே உயரத்தில் வரைந்து போட்டிருந்தார்கள். ஒரு ஆசனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நகரபிதா. வேட்பாளர் அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் விரித்து விரித்துக் காட்டினார்.

“பாத்தீங்களா அண்ணை? இந்த ஒரு ஆசனத்தை எங்கட சனம் தூக்கிப் போடும். உங்கட கணக்கைக் கட்சி மீட்டிங்கில காட்டினனான். வாயைப் பிளந்துகொண்டு நிண்டவங்கள்.”

என் கணக்கைக் கட்சிக் கூட்டத்தில் காட்டிவிட்டார் என்று கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பத்திரிகையின் கணிப்புக்கு அடியில் சிறிய எழுத்தில், எப்படிக் கேட்டார்கள், பிழை எவ்வளவு வரலாம் என்று இருந்தது. என்னுடையதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் கடைசியில் வாக்காளர் அட்டைகள் தபாலில் வந்தன. இந்த நாட்டில் வாக்காளராகப் பதிவதற்கு யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. நீங்கள் எந்த விலாசத்தில் பதிவாகி இருக்கிறீர்களோ, அந்த நகரசபை உங்களை வாக்காளர் இடாப்பில் சேர்த்து, அட்டையையும் அனுப்பிவிடும். எனக்கு வந்தது. மகளுக்கு வரவில்லை. மனைவிக்கும் வரவில்லை.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னாள்: அப்பா, நான் ஓகஸ்டிலேயே விலாசத்தை ஓர்ஹூஸுக்கு மாற்றிவிட்டேனே, என் அட்டை இங்கே குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. மகள் வீடு மாறிய நாளை நானே குறித்து வைத்திருந்தேன்.

மனைவியின் அட்டைக்கு இன்னும் சில நாள் பார்த்தோம். அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். விளம்பரத் தாள்கள் இருக்கும். மூன்றாம் நாள் பெட்டியைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

அவளுக்கு இந்த வாக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. இந்தப் பக்கத்து வயதான யூலாந்துக்காரர்கள் பாதிச் சொல்லை விழுங்கிப் பேசுவதைக்கூட விளங்கிக்கொள்வாள். ஆனால் பிரஜாவுரிமைக்கான மொழிப் பரீட்சையில் எழுத்து வினாத்தாள் இரண்டு முறை அவளைக் கைவிட்டது. மூன்றாம் முறை போக மாட்டேன் என்றுவிட்டாள். நிரந்தர வதிவிட அனுமதியோடு இருக்கிறாள். நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் நானும் மகளும் போவோம், அவள் வீட்டில் இருப்பாள். நகரசபைத் தேர்தலில் மட்டும், நாட்டில் இடைவிடாமல் நான்கு ஆண்டு வசித்த வெளிநாட்டவருக்கும் வாக்கு உண்டு. அந்த ஒன்றை அவள் ஒரு முறையும் தவறவிட்டதில்லை. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாகப் போவாள். யாருக்குப் போட்டாள் என்று என்னிடம் சொன்னதே இல்லை.

அட்டை ஏன் வரவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். சோற்றுக்கு உலை வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

“அக்காவின்ர வருத்தத்துக்கு நான் போய் நிண்டது. அதுதான்.”

2022ஆம் ஆண்டு. இலங்கையில் பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற நேரம். யாழ்ப்பாணத்தில் அவளுடைய தமக்கைக்குச் சத்திரசிகிச்சை, அதன் பிறகு நீண்ட வைத்தியம். எட்டு மாதம் நிற்க வேண்டி வரும் என்று நினைத்து வேலையில் விடுப்பு எடுத்தாள். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போவதென்றால் நகரசபைக்கு அறிவித்து, பதிவிலிருந்து வெளியேற வேண்டும் என்பது சட்டம். அதை அறிவிக்க வேண்டாம் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

“எல்லாரும் சும்மாதானப்பா போயிட்டு வருகினம்.”

“போகட்டும். வாயில ஒரு பொய்யை அடக்கி வைச்சுக்கொண்டு எட்டு மாதம் நான் சோறு தின்ன மாட்டன்.”

அறிவித்துவிட்டுப் போனாள். தமக்கைக்கு எதிர்பார்த்ததை விடக் கெதியாகச் சுகம் வந்தது. ஆறு மாதம் நிறையும் முன்பே மனைவி திரும்பி வந்தாள், வந்த கிழமையே மறுபடி பதிந்தாள். அறிவிக்காமலே போயிருந்தால் ஒரு சட்டமும் மீறப்பட்டிருக்காது. பதிவில் ஓர் உடைப்பும் வந்திருக்காது. இது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. மூன்று ஆண்டு கழித்து, வெறும் தபால் பெட்டிதான் அதை எங்களுக்குச் சொன்னது.

நகரசபைக் கட்டடத்தில் இலக்கம் எடுத்துக் காத்திருந்தோம். எங்களைக் கூப்பிட்ட அதிகாரி மகளின் வயதுக்காரன். மரியாதையானவன். திரையைப் பார்த்தான், பிறகு எங்களுக்கும் தெரியும்படி திருப்பினான். வெளியேறிய நாள் ஒன்று, உள்ளே வந்த நாள் ஒன்று. நடுவில் ஒரு வெள்ளை இடம்.

மனைவி டேனிஷில் நிதானமாகக் கேட்டாள். வீடு இங்கே இருந்தது, கணவன், பிள்ளை, வேலை எல்லாம் இங்கே இருந்தன, நான் அறிவித்ததால்தானே இந்த இடைவெளி என்றாள்.

“ஆமாம். நீங்கள் செய்தது முழுக்கச் சரி” என்றான். மன்னிப்பும் கேட்டான். இடாப்பில் இல்லாதவர் முறைப்பாடு கொடுக்கலாம், தேர்தலுக்கு முன் முடிவு சொல்வார்கள் என்று ஒரு பக்கத்தை அச்சடித்துத் தந்தான். எழும்பும்போது மறுபடியும் சொன்னான், நீங்கள் செய்தது முழுக்கச் சரி.

காரில் அவள் அந்தப் பக்கத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். குடவோலைக் காலத்திலேயே இப்படித்தான், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாரும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், இன்ன வயது இருக்க வேண்டும் என்று யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்றுதான் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று தொடங்கினேன்.

“அதில பொம்பிளையளுக்கு இருந்ததோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்? ரோட்டைப் பாத்து ஓடுங்கோ.”

சிறிது தூரம் போன பிறகு அவளே தொடர்ந்தாள். “ரெண்டு தரம் சொன்னவன், சரியாச் செய்தனீங்கள் எண்டு. பிழையாச் செய்தவைக்கு என்ன சொல்லுவான்? ஒண்டும் சொல்ல மாட்டான். அட்டையை அனுப்புவான்.”

அது உண்மைதான். அந்தக் கிழமையே எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. தன் பெயரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடக் கூடாது என்று ஒருவர் அழைத்தார். அவரும் பிரஜாவுரிமை இல்லாதவர். அதற்கு முந்தைய ஆண்டு யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவிக்கப் போய் நின்றவர். “நான் பத்து மாதம் அங்க நிண்டனான் அண்ணை, ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. எனக்கு வந்திட்டுது!” என்று சிரித்தார். தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பினேன். இதை யாருக்காவது சொன்னால் என்ன என்று மனைவியிடமே கேட்டுவிட்டேன்.

“சொல்லி? அவரின்ர வோட்டைப் பறிச்சு எனக்குத் தருவினமோ? விடுங்கோ.”

மகள் வெள்ளிக்கிழமை ரயிலில் வந்தாள். தாயோடு மேசையில் இருந்து முறைப்பாட்டை எழுதினாள். தாய் தமிழில் சொல்ல, மகள் டேனிஷில் எழுதி வாசிக்க, தாய் “உவ்வளவு கெஞ்ச வேண்டாம், அந்த வரியை எடு” என்று சொல்ல, ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அனுப்பினோம்.

மறுநாள் வேட்பாளர் செய்தி அறிந்து வந்தார். காரில் பின் இருக்கை முழுக்க அவருடைய முகம் அச்சடித்த பலகைகள். விளக்குக் கம்பங்களில் கட்டுவதற்கு.

“அக்கா, நான் இதை விடமாட்டன். பேப்பருக்குக் குடுப்பம். நேர்மையா நடந்த ஒரு தமிழ்ப் பொம்பிளைக்கு வோட் இல்லை எண்டால் முழுப் பக்கம் போடுவாங்கள். திங்கட்கிழமை லீவு போட்டிட்டு நானே நகரசபைக்கு வாறன்.”

மனைவி தேத்தண்ணியை அவர் முன் வைத்தாள். தானும் இருந்தாள். எனக்கு அந்த இருப்பு தெரியும். ஏதோ சொல்லப் போகிறாள்.

“தம்பி, நீ இவ்வளவு அலைய முன்னம் ஒண்டு சொல்ல வேணும். வோட் கிடைச்சாலும் நான் உனக்குப் போட மாட்டன்.”

வேட்பாளர் முதலில் சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, உங்கட வீட்டில மூண்டு எண்டெல்லோ தந்தனீங்கள்?”

இப்போது மனைவி என் பக்கம் திரும்பினாள். “மூண்டோ? எங்க இருக்கு மூண்டு? பிள்ளை ஓர்ஹூஸில. என்னை ஆர் கேட்டது?”

நான் கோப்பையைப் பார்த்தேன்.

“ஏனக்கா?” என்றார் வேட்பாளர். குரல் இறங்கிவிட்டது. “நான் என்ன பிழை விட்டனான்?”

“நீ ஒண்டும் விடேல்லை. நல்ல பெடியன். போன வருசம் நகரசபை வரவு செலவுத் திட்டத்தில முதியோர் இல்லங்களுக்குச் சனி ஞாயிறு ஆக்களைக் குறைக்கச் சொல்லி ஒப்பந்தம் போட்டவை. உன்ர கட்சி ஓம் எண்டது. இப்ப ஞாயிறு பின்னேரம் ஒரு பக்கத்துக்கு நான் தனிய. ஒரு ஆளைத் தூக்க ரெண்டு பேர் வேணும். மற்றப் பக்கத்துக்காரி வரும் வரைக்கும் அந்த மனிசன் ஈரத்தோட கிடக்கும்.”

“அப்ப நான் கட்சியிலயே இல்லையக்கா.”

“இப்ப இருக்கிறாய்தானே.”

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். வாசலில் சப்பாத்து மாட்டும்போது குனிந்தபடியே சொன்னார்: “சொல்லாமலே இருந்திருக்கலாம் அக்கா. நான் ஓடித் திரிஞ்சிருப்பன்.”

“அதுதான் சொன்னனான்” என்றாள் மனைவி.

அதன் பிறகு அவரிடமிருந்து அழைப்பு இல்லை. திங்கட்கிழமை லீவும் போடவில்லை என்று அறிந்தேன். முறைப்பாட்டுக்கும் பதில் இல்லை. வேலையில் இருந்துகொண்டு அரசாங்கக் கடிதங்கள் வருகிற மனைவியின் டிஜிட்டல் தபாலைத் திறந்து பார்த்தபடி இருந்தேன். வரும் வழியில் எல்லாக் கம்பத்திலும் வேட்பாளர் மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். சில இடங்களில் காற்று அவரைக் கவிழ்த்திருந்தது. வண்டியை நிறுத்தி ஒன்றை நிமிர்த்திக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று தெரியவில்லை. இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலிருந்து தமக்கையின் மகன் அழைத்தான். பரிசோதனையில் மறுபடியும் ஏதோ தெரிகிறதாம், தை மாதம் திரும்பப் பார்ப்பார்களாம். மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். வைத்த பிறகு அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

அந்தக் கிழமை அவளுடைய முதியோர் இல்லத்துக்கு நகரசபை ஊழியர்கள் வாக்குப்பெட்டியோடு வந்தார்கள். வாக்களிப்பு நிலையத்துக்குப் போக முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே முன்கூட்டிப் போடலாம். சக்கர நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய் மேசைக்கு விடுவது மனைவியின் வேலை. விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். சாப்பாட்டில் இருந்தபோது அதைச் சொன்னாள். ஒரு முன்னாள் ஆசிரியை, தொண்ணூறைத் தாண்டியவர், வழியில் கேட்டிருக்கிறார்: யாருக்குப் போடட்டும்?

“நான் சொல்ல ஏலாது எண்டு சொன்னன். சரி, நீ போட்டாச்சோ எண்டு கேட்டா. எனக்கு இந்த முறை இல்லை எண்டன். எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறாய் எண்டா. சொன்னன். மனிசிக்கு வந்ததே கோவம்! நாற்காலியின்ர பிறேக்கைப் போட்டிட்டு, ‘அப்ப நீ இதில இரு, நான் உன்னைத் தள்ளுறன்’ எண்டு கத்தினா. உள்ளுக்கு இருந்த ஊழியர் எட்டிப் பாக்கினம். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை.”

சொல்லும்போதும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டிருந்தாள்.

தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது வேட்பாளர் வந்தார். மழைச்சட்டையோடு, சைக்கிளில். உள்ளே வரவில்லை.

“அந்த ஒப்பந்தத்தை வாசிச்சனான் அக்கா. டேனிஷில எழுபது பக்கம் வருது. நீங்கள் சொன்னது இருக்கு. கட்சியில கேட்டன், எல்லாரும்தான் கையெழுத்து வைச்சவை எண்டுகினம்.”

“கனபேர் வைச்சதுதான். நான் உன்ர கட்சிக்காரரை மட்டும் சொல்லேல்லை. எதிர்த்தவையும் கொஞ்சப் பேர் இருக்கினம்.”

அவர் தலையாட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: “அண்ணை, அந்தக் கணக்கைத் திரும்ப ஒருக்கால் எடுங்கோ. வீட்டைக் கேக்காதேங்கோ. ஆளைக் கேளுங்கோ.”

மறுபடியும் தொலைபேசி எடுத்தேன். இந்த முறை, எடுத்தவரைத் தன் மனைவியிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். சிலர் சந்தேகப்பட்டார்கள். “ஏன், நான் சொன்னது காணாதோ?” என்றார் ஆறு வாக்குக்காரர். அவருடைய மனைவி வந்தார்.

“என்னையோ? அவரைக் கேளுங்கோ அண்ணை.”

“அவரைக் கேட்டாச்சு. உங்களைத்தான் கேக்கிறன்.”

பின்னணியில் தொலைக்காட்சிச் சத்தம். ஒரு கதவு சாத்தப்பட்டது. சத்தம் குறைந்தது.

“வேற ஒரு பிள்ளை நிக்கிறா, டேனிஷ் பிள்ளை. என்ர வேலைத்தலத்துத் தொழிற்சங்கத்தில இருந்தவ. அவவுக்குத்தான் போட யோசிக்கிறன். இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“சொல்ல மாட்டன்.”

அதே வீட்டின் மற்றவர்களில் ஒரு மகன் வைலேயில் பதிவு, ஒரு மகள் போடப் போவதே இல்லை, மருமகளுக்கு இன்னும் நான்கு ஆண்டு நிறையவில்லை. விபோர்க் மாமியிடமும் பேசினேன். “எனக்கு இஞ்சயே அட்டை வந்திட்டுது, நான் ஏன் அங்க வாறன்?” என்றார். வேறு சில வீடுகளில் பெண்கள் வேட்பாளருக்கே உறுதியாகப் போடுவதாகச் சொன்னார்கள். அதைக் கணவனை விடத் தெளிவாகவும் காரணத்தோடும் சொன்னார்கள். கடைசியில் வந்த தொகை முதலாவதில் பாதிக்கும் குறைவு. வேட்பாளரிடம் கொடுத்தேன். கட்சிக் கூட்டத்தில் அதைக் காட்டினாரா என்று கேட்கவில்லை.

தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை முடிவு வந்தது. மனைவி வேலையில் இருந்தாள். நான் திறக்கவில்லை. வந்து, கை கழுவி, தானே திறந்தாள். முறைப்பாட்டுக்கு நன்றி. பதிவின்படி வதிவிடம் இடைவிடாததாக இல்லை. எனவே இடாப்பில் சேர்க்க முடியவில்லை. கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“சரி” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காலை வேலை. பின்னேரம் நான் புறப்படும்போது நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள்.

“நானும் வாறன். உள்ளுக்கு விடாட்டில் வெளியில நிப்பன்.”

போகும் வழியில் கேட்டேன்: “நீர் ஆருக்குப் போட இருந்தனீர் எண்டு சொல்லும். நான் போடுறன்.”

“சொன்னால் நீங்கள் போடுவியள். பிறகு அது என்ர வோட்டும் இல்லை, உங்கட வோட்டும் இல்லை.”

வாக்களிப்பு நிலையம் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம். உள்ளே விடாமல் யாரும் மறிக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேக்கும் கோப்பியும் விற்றார்கள். மனைவி அங்கே ஒரு நீள வாங்கில் கோப்பியோடு இருந்தாள். வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வேலைத்தலத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து இருந்து ஏதோ கேட்க, இவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் அட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு நீண்ட வாக்குச்சீட்டுகளைத் தந்தார்கள். ஒன்று நகரசபைக்கு, மற்றது பிராந்திய சபைக்கு. நகரசபைச் சீட்டைத் திரைக்குள் விரித்தால் மேசையின் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. எங்கள் வேட்பாளரின் பெயரைக் கண்டுபிடித்தேன். ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களின் பட்டியலையும் கண்டுபிடித்தேன். மூன்று என்று எழுதிய கைக்கு இப்போது அந்தச் சீட்டில் இருந்தது ஒரு புள்ளடி. வெளியே ஓர் ஊழியர் எல்லாம் சரியா என்று கேட்கும் வரை நின்றிருக்கிறேன். போட்டேன், மடித்தேன், பெட்டியில் இட்டேன்.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு கேக் வாங்கி வைத்திருந்தாள்.

மறுநாள் காலை வேட்பாளர் அழைத்தார். பட்டியலில் நன்றாக மேலே ஏறியிருந்தார், ஆனால் உள்ளே போகவில்லை. கட்சியின் முதல் பதிலாள். யாராவது விலகினால் அவருக்கு இடம்.

“மயிரிழையில போச்சு அண்ணை.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “உண்மையாச் சொல்லுங்கோ, உங்கட வீட்டில எத்தினை?”

“எங்கட வீட்டில ஒண்டு. அது எங்க போனது எண்டு கேளாதை.”

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். மனைவி மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். திரையில் பில்லுண்ட் விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பயணச்சீட்டு விலைகள். தை மாதம். அடுத்த தேர்தல் 2029, நவம்பர், மூன்றாவது செவ்வாய். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள்தான் இந்தத் தை மாதமும் வருகிறது. அவளுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“எத்தினை மாதம் நிப்பீர்?”

“அக்காவைப் பாத்தாத்தானே தெரியும்.”

“ஆறு மாதத்துக்குள்ள வந்திட்டால் ஒண்டும் இல்லை. அதுக்கு முன்னம் ஒண்டும் அறிவிக்காமல்...”

அவள் திரும்பிப் பார்க்காமலே திரும்பும் தேதியின் கட்டத்தை வெறுமையாக விட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

“ஆறுக்கு மேல நிக்க வேண்டி வந்தால் சொல்லிப்போட்டுத்தான் நிப்பன்” என்றாள்.